காரில் சாப்பிடும் நாடு, நடந்துகொண்டே சாப்பிடும் நாடு: அமெரிக்க, பிரிட்டன் துரித உணவுக்கு ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடையில் 'ஸ்மால்' கோக் கேட்டால் வரும் கோப்பை 16 அவுன்ஸ் பிடிக்கும். நம் கணக்கில் 470 மில்லிக்குச் சற்று மேல். லண்டனில் அதே கடையில் 'லார்ஜ்' கேட்டால் கிடைப்பது 500 மில்லி. ஒரு நாட்டில் சின்னது என்று விற்பதும் இன்னொரு நாட்டில் பெரியது என்று விற்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அமெரிக்க 'லார்ஜ்' 30 அவுன்ஸ், அதாவது 900 மில்லிக்கு அருகே. கோப்பை நிறைய ஐஸ் போடுவது அமெரிக்கப் பழக்கம் என்பதால் அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும் வித்தியாசம் பெரிதுதான்.

நம் ஊரில் இரண்டையும் 'வெள்ளைக்காரச் சாப்பாடு' என்று ஒன்றாகவே பேசுகிறோம். பேச்சு ஆங்கிலம், கடைப் பெயர்கள் ஒன்று, பர்கரின் படமும் ஒன்று. படிப்புக்கோ வேலைக்கோ போகிற பிள்ளைகள் அங்கே இறங்கிய பிறகுதான் சாப்பிடும் நேரம், சாப்பிடும் இடம், பில் போடும் விதம், எண்ணெய் வரை எல்லாமே வேறு என்று தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் நாக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடை எந்தச் சாலையில் நிற்கிறது, அரசு எதற்கு வரி போடுகிறது, எந்த ஊரிலிருந்து யார் வந்து அடுப்பு மூட்டினார்கள் என்று பார்த்தால் முக்கால்வாசி விளங்கிவிடும்.

காருக்காக வளர்ந்த சமையலறை

அமெரிக்காவில் பர்கரைச் சங்கிலிக் கடைகளாக விற்கத் தொடங்கியது ஒயிட் காசில். 1921இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் திறந்தார்கள். ஒரு பர்கர் 5 சென்ட். அரைத்த மாட்டிறைச்சி என்றாலே மக்கள் சந்தேகப்பட்ட காலம் அது. அதனால் வெள்ளைச் சுவர், பளபளக்கும் உலோக அடுப்பு, வாடிக்கையாளர் கண்முன்னே சமையல் என்று கடையையே சுத்தத்துக்கு விளம்பரமாக அமைத்தார்கள்.

ஆனால் இன்று நாம் அறிந்த வேகம் பிறந்தது கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில். ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்கள் அங்கே 1940இல் ஒரு கடை வைத்தார்கள். காரை நிறுத்தினால் பணிப்பெண்கள் காருக்கே தட்டைக் கொண்டுவந்து தருவார்கள். வியாபாரம் நன்றாகவே நடந்தது. இருந்தும் 1948இல் கடையைச் சில மாதங்கள் மூடிவிட்டு எல்லாவற்றையும் மாற்றினார்கள். நீண்ட மெனு ஒன்பது பண்டங்களாகச் சுருங்கியது. பணிப்பெண்கள் போனார்கள், தட்டும் கத்தியும் முள்கரண்டியும் போயின, எல்லாம் காகிதத்துக்கு மாறியது. பர்கர் விலை 15 சென்ட் ஆனது. பிறகு புதுக் கடை கட்டியபோது சமையலறையின் வரைபடத்தை டென்னிஸ் களத்தில் சாக்பீஸால் பெரிதாக வரைந்து, ஊழியர்களை அதற்குள் நடமாட விட்டு, யாரும் யார் மீதும் மோதாமல் வேலை செய்ய எது எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்தார்கள். ஒரு தொழிற்சாலையை எப்படி வடிவமைப்பார்களோ அப்படி ஒரு சமையலறையை வடிவமைத்தார்கள். அமெரிக்கத் துரித உணவின் மூலச் சிந்தனை இதுதான்.

மில்க் ஷேக் கலக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த ரே க்ராக் அந்தக் கடையைப் பார்த்து, 1955இல் இல்லினாய் மாநிலத்தின் டெஸ் ப்ளெய்ன்ஸில் தன் முதல் கிளையைத் திறந்தார். அடுத்த ஆண்டே அதிபர் ஐசன்ஹோவரின் அரசு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. திட்டமிட்ட நீளம் 41,000 மைல். ஊருக்கு வெளியே வீடுகள் பெருகின. வீட்டிலிருந்து கடைக்கு நடந்து போக முடியாத குடியிருப்புகள் எழுந்தன. நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் பசியோடு வரும் காருக்கு ஒரு கடை தேவைப்பட்டது.

காரை விட்டு இறங்காமலே வாங்கும் வழி 1948இலேயே வந்துவிட்டது. இன்-அண்ட்-அவுட் கடைக்காரர்கள் கலிஃபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் இருவழி ஸ்பீக்கர் வைத்தார்கள். மெக்டொனால்ட்ஸ் 1975இல்தான் இதில் இறங்கியது. இடம் அரிசோனாவின் சியெரா விஸ்டா. அருகில் ராணுவ முகாம். பணிச்சீருடையில் இருக்கும் வீரர்கள் முகாமுக்கு வெளியே வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று விதி இருந்தது. அவர்களுக்காகச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். இன்று அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் விற்பனையில் பெரும்பகுதி அந்த ஜன்னல் வழியாகத்தான் போகிறது.

அந்த வரிசையை ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். காலை ஏழரை மணி, இருபுறமும் நகர முடியாதபடி கார்கள். ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்கிறது. ஓட்டுநர் தலையை மட்டும் வெளியே நீட்டி முட்டை மஃபினும் காபியும் சொல்கிறார். முதல் ஜன்னலில் பணம், இரண்டாவது ஜன்னலில் பை. பை பக்கத்து இருக்கைக்குப் போகிறது, காபி கப் ஹோல்டருக்குப் போகிறது. அடுத்த சிக்னலில் நிற்பதற்குள் மஃபின் பாதி முடிந்துவிடுகிறது. ஒரு கையில் ஸ்டியரிங் இருக்கும் என்பதால் உணவு மறு கையில் அடங்க வேண்டும், ஒழுகக் கூடாது, கரண்டி கேட்கக் கூடாது. நக்கெட், பீன்ஸோ இறைச்சியோ வைத்துச் சுருட்டிய ரொட்டியான பரிட்டோ, ரொட்டிக்குள் அடைத்த முட்டை எல்லாம் இந்தத் தேவைக்குள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பலருக்குக் கார்தான் சாப்பாட்டு மேசை.

இது எவ்வளவு பரவலான பழக்கம் என்பதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு இருக்கிறது. 2013 முதல் 2016 வரை எடுத்த கணக்கெடுப்பில், எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் வயது வந்தோரில் 36.6 சதவீதம் பேர் அன்று துரித உணவு சாப்பிட்டிருந்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல்.

பர்கருக்கு முன்பே இருந்த கடை

பிரிட்டனுக்குத் துரித உணவைக் கற்றுக்கொடுத்தது அமெரிக்கா என்று எழுதுகிறவர்கள் மீன் வறுவல் கடையை மறந்துவிடுகிறார்கள். ஒயிட் காசிலுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயத் தொழிலாளி கடையில் நின்று சூடான உணவைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பொரித்த மீன் லண்டனுக்கு வந்தது ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களால். உருளைக்கிழங்கை விரல் தடிமனுக்கு நறுக்கிப் பொரிக்கும் 'சிப்ஸ்' வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் பெருகியது. இரண்டும் ஒரே கடையில் கூடியது 1860களை ஒட்டி. கிழக்கு லண்டனின் ஜோசப் மாலின்தான் முதல் ஆள் என்று லண்டன்காரர்களும், மோஸ்லியில் கடை வைத்த ஜான் லீஸ்தான் என்று லங்காஷயர்காரர்களும் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் நீராவி இழுவைப் படகுகள் வட கடலில் ஏராளமாக மீன் பிடித்தன. கிரிம்ஸ்பி, ஹல் துறைமுகங்களிலிருந்து ரயில் அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோனது. கணவனும் மனைவியும் பஞ்சாலையில் நின்று வேலை செய்துவிட்டுத் திரும்பும் வீட்டில் மாலையில் சமைக்க ஆளில்லை. மலிவான, வயிறு நிரப்பும், சூடான ஒன்று தேவைப்பட்டது. மீனும் சிப்ஸும் அந்த இடத்தைப் பிடித்தன. இரண்டாம் உலகப் போரில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் ரேஷனுக்குப் போனபோதும் அரசு இந்தக் கடைகளில் கை வைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை இப்படியொரு கடையில் நின்று பாருங்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் கிறிஸ்தவப் பழக்கம் மங்கிவிட்டது. ஆனால் வெள்ளியன்று மீன் என்பது நிற்கிறது. நீளமான எவர்சில்வர் வறுசட்டி வரிசை, அதன் மேல் சூடாக வைக்கும் கண்ணாடிப் பெட்டி. நாம் பஜ்ஜிக்கு வாழைக்காயைத் தோய்ப்பது போல, காட் அல்லது ஹாடக் மீனின் முழுத் துண்டத்தை நீர்த்த மாவில் தோய்த்து எண்ணெயில் நழுவ விடுகிறார்கள். லண்டனில் காட் அதிகம்; யார்க்ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் ஹாடக்கைத்தான் கேட்பார்கள். கடைக்காரர் சிப்ஸை அள்ளிக் காகிதத்தில் கொட்டி, மேலே மீனை வைத்து, "உப்பு, வினிகர்?" என்கிறார். தலையசைத்தால் பழுப்பு நிற மால்ட் வினிகரைத் தாராளமாகத் தெளிக்கிறார். வீடு போய்ச் சேர்வதற்குள் அது ஊறிச் சிப்ஸ் கொஞ்சம் சொதசொதவென்று ஆகிவிடும். அமெரிக்க ஃப்ரைஸின் மொறுமொறுப்புக்குப் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தப் புளிப்பேறிய மெத்தென்ற சிப்ஸ்தான் பிடிக்கும். குளிர் காலத்தில் அதற்கு ஈடில்லை. பக்கத்தில் மசித்த பட்டாணி, வடக்கே போகப் போகக் கிரேவி, பல கடைகளில் இலேசாக இனிக்கும் மஞ்சள் நிறக் கறி சாஸ்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யார்க்ஷயர் உட்பட வட இங்கிலாந்தில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பை உருக்கித்தான் பொரிக்கிறார்கள். சுவைக்கு அதுதான் காரணம் என்று அங்குள்ளவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். சிப்ஸ்தானே, உருளைக்கிழங்குதானே என்று வாங்கிவிடாதீர்கள். எந்த எண்ணெய் என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

பர்கர் இந்த நாட்டுக்குள் வந்தபோது முதலில் தட்டிலேயே வந்தது. லயன்ஸ் நிறுவனம் 1954இல் லண்டன் கவென்ட்ரி தெருவில் 'விம்பி' பர்கர் பாரைத் திறந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் இறைச்சி ரேஷன் முடிவுக்கு வந்தது. பெயரும் பர்கரும் அமெரிக்காவிலிருந்து. ஆனால் மேசைக்கு வந்து பரிமாறினார்கள், கத்தியும் முள்கரண்டியும் கொடுத்தார்கள். மெக்டொனால்ட் சகோதரர்கள் கரண்டிகளைத் தூக்கிப் போட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு 1965இல் லங்காஷயரின் பிரெஸ்டனில் கேஎஃப்சி வந்தது. பொரித்த கோழியும் சிப்ஸும் மீன் கடைப் பழக்கத்துக்குள் எளிதாக நுழைந்தன. மெக்டொனால்ட்ஸ் 1974இல்தான் தென்கிழக்கு லண்டனின் வுலிச்சில் கால் வைத்தது. இந்தக் கடைகள் நின்றதும் நெடுஞ்சாலை ஓரத்தில் அல்ல. துணிக்கடைக்கும் வங்கிக்கும் நடுவே, மக்கள் நடந்து போகும் கடைத்தெருவில். காரிலிருந்தே வாங்கும் கடைகள் பின்னர் வந்து, இப்போது நகர ஓரங்களில் வேகமாகப் பெருகுகின்றன.

மதியம் ஒரு மணி

பிரிட்டனின் துரித உணவு எது என்று என்னைக் கேட்டால் பர்கரையும் மீனையும் தாண்டி, முக்கோணப் பெட்டியில் அடைத்த குளிர்ந்த சாண்ட்விச்சைத்தான் காட்டுவேன். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1980இல் பெட்டியில் அடைத்த சாண்ட்விச்சை விற்கத் தொடங்கியது. அதன் பிறகு மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், ரயில் நிலையம் என்று அது நுழையாத இடமில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சாண்ட்விச், ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸ் (நம் ஊரில் சிப்ஸ் என்று சொல்லும் மெல்லிய வறுவல்), ஒரு குடிபானம் மூன்றும் சேர்த்து ஏறக்குறைய 4 பவுண்டுக்குத் தரும் 'மீல் டீல்' பல அலுவலகக்காரர்களின் அன்றாட மதியச் சாப்பாடு. அதை எடுத்துவந்து கணினி முன்னாலேயே சாப்பிட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்க சாண்ட்விச் வேறு சுபாவம். கடையில் நின்று எந்த ரொட்டி, எந்தச் சீஸ், வெங்காயம் வேண்டுமா, எந்த சாஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கட்டவைப்பார்கள். சப்வே, சிபோட்லே போன்ற சங்கிலிக் கடைகளில் வரிசை நகர்வதே அப்படித்தான். 'உங்கள் விருப்பப்படி' என்பதையே பர்கர் கிங் 1974 முதல் விளம்பர வாசகமாக வைத்திருந்தது. பணம் கொடுக்கிறவர் சொல்வதுபோல் உணவு மாற வேண்டும் என்பது அங்கே உரிமை மாதிரி. பிரிட்டன் பெட்டியில் மாற்றுவதற்கு எதுவுமில்லை. மயோனைஸ் பிடிக்காதென்றால் வேறு பெட்டியை எடுக்க வேண்டியதுதான்.

இங்கேதான் வரி உள்ளே வருகிறது. பிரிட்டனில் குளிர்ந்த சாண்ட்விச்சை வாங்கி வெளியே எடுத்துப் போனால் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. அதே சாண்ட்விச்சை அதே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம். சூடான உணவென்றால் எடுத்துப் போனாலும் 20 சதவீதம். "உள்ளே சாப்பிடுகிறீர்களா, எடுத்துப் போகிறீர்களா?" என்று கவுண்டரில் கேட்பது உபசாரக் கேள்வி மட்டுமல்ல, பதிலைப் பொறுத்து சில கடைகளில் விலையே மாறும்.

இந்த விதியின் விளைவைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கிரெக்ஸ் கடைக்குப் போகலாம். நியூகாசில் பகுதியில் 1939இல் தொடங்கிய இந்த பேக்கரிக்கு இன்று பிரிட்டனில் மெக்டொனால்ட்ஸைவிட அதிகக் கடைகள். அதன் அடையாளம் சாசேஜ் ரோல்: பல அடுக்கு மாவுக்குள் பன்றி இறைச்சி. சிலநாள் அது கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும், சிலநாள் வெதுவெதுப்பாக, சிலநாள் ஆறிப்போய். கடைக்காரர்களின் அக்கறைக் குறைவு என்று நினைக்கத் தோன்றும். காரணம் வேறு. அடுப்பிலிருந்து எடுத்ததைத் தானாக ஆற விட்டு விற்றால் வரியில்லை. சூடாக்கும் பெட்டியில் வைத்து விற்றால் வரி உண்டு. 2012இல் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஆறுகிற பண்டத்துக்கும் வரி போடப் பார்த்தார். பாஸ்டி என்பது இறைச்சியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம். 'பாஸ்டி வரி' என்று பெயர் வைத்து நாடே எதிர்த்தது. கார்ன்வால் பகுதிக்காரர்களுக்குத் தங்கள் பாஸ்டி மீது கை வைத்தது பெரும் கோபம். இரண்டு மாதத்தில் அரசு பின்வாங்கியது. ஒரு ரோலின் சூட்டை வரிச்சட்டம் முடிவு செய்கிற நாட்டில் மக்கள் ஏன் மதியம் குளிர்ந்ததைச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால், விலையும் ஒரு காரணம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

யார் வந்து அடுப்பு மூட்டினார்கள்

அமெரிக்காவின் இரண்டாவது அடுக்கு மெக்சிகோ, இத்தாலி, சீனா. சோள ரொட்டியை மடித்து இறைச்சி அடைத்த டாகோவும், பீட்சாவும் அந்த நாட்டுக்கு எப்போதோ சொந்தமாகிவிட்டன. க்ளென் பெல் என்பவர் 1962இல் கலிஃபோர்னியாவின் டௌனியில் தொடங்கிய டாகோ பெல் இன்று எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது.

பிரிட்டனில் அந்த இடத்தில் இருப்பது நம் துணைக்கண்டம். 'இந்தியன் டேக்அவே' என்று பலகை மாட்டிய கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் மாவட்டத்துக்காரர்கள். வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக் 2001இல் ஓர் உரையில் சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்றே குறிப்பிட்டார். சனிக்கிழமை இரவு 'கறி' வாங்கிவந்து தொலைக்காட்சி முன் சாப்பிடுவது ஆங்கிலேயக் குடும்பங்களின் பழக்கம். அமெரிக்காவில் இந்திய உணவு இன்னும் உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்துக்கு உரியது. தெருமுனைப் பழக்கமாக மாறவில்லை.

தென் லண்டன் பையன்களைக் கேட்டால் வேறொரு பெயரைச் சொல்வார்கள்: மோர்லீஸ். பொரித்த கோழிக் கடை. பள்ளி விட்டதும் சீருடையோடு கும்பலாக நின்று இறக்கைகளும் சிப்ஸும் வாங்குகிற இடம். இதை 1985இல் சிடன்ஹாமில் தொடங்கியவர் இலங்கையிலிருந்து போன கண்ணலிங்கம் செல்வேந்திரன். கென்டக்கியில் பிறந்த ஒரு பண்டம், யாழ்ப்பாணத்துத் தெருக்களில் கேட்கும் பெயருடைய ஒருவர் கையால், தென் லண்டன் இளைஞர்களின் சொந்தச் சுவையாக மாறியிருக்கிறது. அமெரிக்க, பிரிட்டன் துரித உணவை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடுகின்றன. இந்தக் கோழிக் கடைகளைச் சேர்க்காமல் லண்டனின் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே முடியாது.

பில், கோப்பை, சட்டம்

அமெரிக்காவில் மெனுவில் 8 டாலர் என்று போட்டிருந்தால் 8 டாலர் கொடுத்துவிட்டு வர முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி கவுண்டரில்தான் சேரும்; ஊருக்கு ஊர் விகிதம் மாறும். பிரிட்டனில் பலகையில் இருக்கும் விலைக்குள் வரி அடங்கியிருக்கும்.

டிப்ஸ் விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். அமெரிக்க உணவகத்தில் மேசைக்கு வந்து பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம். இதைத் தாராளம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது மாறவேயில்லை. பல மாநிலங்கள் கூடுதலாக வைத்திருக்கின்றன, எல்லாம் இல்லை. மீதியை வாடிக்கையாளர்தான் நிரப்புகிறார். துரித உணவுக் கடைகளில் இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் காபிக் கடைகளில் பணம் செலுத்தும் திரைகள் இப்போது டிப்ஸ் கேட்கத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் பர்கர் கடையிலோ மீன் கடையிலோ யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில், குறிப்பாக லண்டனில், 12.5 சதவீதச் சேவைக் கட்டணம் பில்லிலேயே வந்துவிடும்.

கோப்பைக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் காலிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு நீங்களே இயந்திரத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ள விடும் கடைகள் ஏராளம். நியூயார்க் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 2012இல் 16 அவுன்ஸுக்கு மேற்பட்ட சர்க்கரைப் பானக் கோப்பைகளைத் தடுக்கப் பார்த்தார். நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள் நீதிமன்றம் நிறுத்தியது. 2014இல் மேல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிரிட்டன் வேறு வழியில் போனது. 2018 ஏப்ரலில் குளிர்பானங்களுக்குச் சர்க்கரை அளவை வைத்து வரி: 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் ஒரு விகிதம், 8 கிராமுக்கு மேல் கூடுதல் விகிதம். வாங்குகிறவரைத் தண்டிப்பதைவிடத் தயாரிப்பாளரை மாற்றுவதே குறி. அது பலித்தது. பிரிட்டன் ஃபான்டா ஆரஞ்சில் இப்போது 100 மில்லிக்கு 5 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. அமெரிக்க ஃபான்டாவில் 12 கிராம் அளவில் இருக்கிறது. அதுவும் கரும்போ பீட்டோ அல்ல, சோளத்திலிருந்து எடுக்கும் சர்க்கரைப் பாகு. 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்துக் கடைகளில் சர்க்கரைப் பானத்தை இலவசமாக மறுபடி நிரப்பித் தரவும் தடை வந்துவிட்டது.

மெனுவில் கலோரி எழுதுவது இரு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் 20 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள சங்கிலிக் கடைகளுக்கு. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் 250 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு. பிரிட்டன் சட்டம் போட்டதால் அந்நாட்டினர் ஒல்லியாகிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் வயது வந்தோரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு உடல் பருமன் என்றால், இங்கிலாந்தில் 100க்கு 28, 29 பேர். ஐரோப்பாவில் அது உயர்ந்த அளவுதான். அதனால்தான் லண்டன் மாநகரத் திட்டத்தில், பள்ளியிலிருந்து 400 மீட்டர் நடைதூரத்துக்குள் சூடான உணவை எடுத்துப் போகத் தரும் புதிய கடைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். மூன்றரை மணிக்கு மோர்லீஸ் வாசலில் நிற்கும் கும்பலைப் பார்த்தவர்களுக்கு அந்த 400 மீட்டரின் அர்த்தம் புரியும்.

ஒரே பெயர், வேறு சரக்கு

நம் வாசகர்களில் பலருக்கு மிகவும் பயன்படக்கூடியது இந்தப் பகுதி. அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் 1990இல் மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. ஃப்ரைஸ் சைவமாகிவிட்டது என்று பலரும் நம்பினார்கள். ஆனால் சுவைக்காக மாட்டிறைச்சிச் சாறு சேர்ப்பது தொடர்ந்தது. விவரம் வெளியே வந்ததும் 2001இல் சியாட்டிலில் இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஆண்டு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது; அதில் பெரும்பகுதி இந்து, சைவ உணவு அமைப்புகளுக்குப் போனது. இன்றும் அமெரிக்க ஃப்ரைஸின் பொருள் பட்டியலில் அந்தச் சுவையூட்டி இருக்கிறது. பிரிட்டன் மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸில் அது கிடையாது. உருளைக்கிழங்கும் தாவர எண்ணெயும்தான் முக்கியம். பிரிட்டனில் 2022 ஜனவரி முதல் மெக்பிளான்ட் என்ற தாவர பர்கரும் நாடு முழுவதும் கிடைக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் அதைச் சில நூறு கடைகளில் சோதித்துவிட்டுக் கைவிட்டார்கள்.

ஆகவே அமெரிக்காவில் சைவம் தேடுகிறவர் டாகோ பெல் பக்கம் போவது நல்லது. பீன்ஸ் பரிட்டோவும், இறைச்சிக்குப் பதிலாக பீன்ஸ் போட்டுத் தரச் சொல்லும் வசதியும் உண்டு. அமெரிக்க சைவ உணவுச் சங்கத்தின் சான்றும் 2015இல் வாங்கியிருக்கிறார்கள். சைவம் சாப்பிடும் இந்திய மாணவர்கள் அங்கே அடிக்கடி தென்படுவதற்கு இதுதான் காரணம். பிரிட்டனில் கிரெக்ஸ் 2019 ஜனவரியில் கொண்டுவந்த வீகன் (பால், முட்டைகூடச் சேராத) சாசேஜ் ரோல் எங்கும் கிடைக்கும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைக் கடைக்காரர் தெரிவித்தாக வேண்டும். அமெரிக்கப் பட்டியலில் 9தான், எள்ளே 2023இல்தான் சேர்ந்தது. கடையிலேயே தயாரித்துப் பெட்டியில் அடைத்து வைத்த சாண்ட்விச்சிலும் முழுப் பொருள் பட்டியல் ஒட்ட வேண்டும் என்று இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல் விதி. எள் கலந்த பகெட் ரொட்டியைத் தெரியாமல் சாப்பிட்டு 2016இல் இறந்த 15 வயதுச் சிறுமி நடாஷாவின் பெற்றோர் விடாமல் போராடி வாங்கிய சட்டம் அது. அவள் பெயராலேயே அழைக்கிறார்கள். முக்கோணப் பெட்டியைத் திருப்பினால் பின்னால் பொடி எழுத்தில் நிறையச் சொற்கள் இருக்கும், ஒவ்வாமைப் பொருள்கள் மட்டும் தடித்த எழுத்தில். கையில் எடுத்ததும் அதை முதலில் படியுங்கள்.